யாத்திரை கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்: மெக்கா, சான்டியாகோ, ஷிகோகு, கைலாஷ், இன்னும் கொஞ்சம்

எனக்கு ஊர் சுத்துற பைத்தியத்தை விட யாத்திரை வழியில நடக்குற பைத்தியம் ஜாஸ்தி. அது தெரிஞ்சவங்க எல்லாரும் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைத்தான் கேக்குறாங்க, நானும் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய் வலிக்கச் சொல்லிட்டு இருக்கேன். அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

டூருக்கும் யாத்திரைக்கும் அப்படி என்ன வித்தியாசம்? ரெண்டும் டிக்கெட் போட்டு போறதுதானே?

டூர்ல முடிவெடுக்கிறது நீங்க. யாத்திரையில அந்த இடம் முடிவெடுக்கும். எப்ப வரணும், என்ன உடுத்தணும், எந்தப் பக்கமா சுத்தணும் வரைக்கும் அதுதான் சொல்லும். மெக்காவுல இருக்கிற காபாவை இடது கைப்பக்கம் வெச்சு ஏழு சுத்து வரணும். கைலாஷ்ல இந்துவோ பௌத்தரோ மலையை வலது கைப்பக்கம் வெச்சுதான் சுத்துவாங்க, ஆனா அதே மலையை புனிதமா நினைக்கிற, 'பொன்' (Bon)ங்கிற திபெத்து மதத்துக்காரங்க நேர் எதிர்ப்பக்கமா வருவாங்க, அதனால ஒரே பாதையில ரெண்டு கூட்டமும் எதிரெதிரா சிரிச்சுட்டே கடந்து போகும். யாரும் யாரையும் திருத்த மாட்டாங்க. இதை ஏத்துக்க முடியும்னா நீங்க யாத்திரைக்கு ரெடி, "ஏன் இந்தப் பக்கம் சுத்தக்கூடாது"ன்னு சண்டை போடணும்னு தோணிச்சுன்னா பேசாம டூரே போயிடுங்க, தப்பே இல்ல.

முதல் தடவை போறேன், எங்க போலாம்?

இடத்தை யோசிக்கிறதுக்கு முன்னாடி தேதியை யோசிங்க. இதை நான் எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் எல்லாரும் இடத்தைத்தான் முதல்ல பிடிச்சுக்கிறாங்க. ஒரே இடம் திருவிழா நாள்ல ஒண்ணு, சாதா நாள்ல வேற ஒண்ணு. மெக்சிகோ சிட்டியில குவாடலூப்பே மாதா பசிலிக்காவுக்கு சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை போனீங்கன்னா நிம்மதியா நின்னு கும்பிடலாம். அங்க இருக்கிற மாதா படத்துக்குக் கீழ ஏர்போர்ட்ல இருக்கிற மாதிரி நகர்ற நடைபாதை போட்டிருக்காங்க, அதுல ஏறி நின்னா அதுவே உங்களை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குக் கொண்டு போய் விட்டுடும், வேணும்னா சுத்தி வந்து மறுபடி ஏறிக்கலாம். அதே இடத்துக்கு டிசம்பர் 12 போனீங்கன்னா கதையே வேற, அந்த நாளை ஒட்டி கோடிக்கணக்குல ஜனம் வரும், முட்டி போட்டே நகர்ந்து வர்றவங்க, ராத்திரி பூரா ரோட்ல படுத்திருக்கிறவங்கன்னு. எது உங்களுக்கு வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ரெண்டுமே சரிதான், ஆனா ஒண்ணை நினைச்சுட்டு இன்னொண்ணுல மாட்டினா நொந்து போயிடுவீங்க.

சரி, அப்ப எந்த இடத்துக்கு எந்தத் தேதி?

எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு சொல்றேன். ஹஜ், இஸ்லாமிய காலண்டர்ல துல்ஹஜ் மாசம் 8-ம் தேதி ஆரம்பிச்சு 12 இல்ல 13 வரைக்கும். அது பிறைக் கணக்கு, அதனால நம்ம காலண்டர்ல வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னாடி வந்துட்டே இருக்கும். 2024-ல ஜூன் நடுவுல வந்தது, 2025-ல ஜூன் முதல் வாரம். அர்பயீன் (ஈராக்ல கர்பலாவுக்கு ஷியா முஸ்லிம்கள் நடக்கிறது) சஃபர் மாசம் 20, அதுவும் அப்படியே நகரும்.

ஸ்ரீலங்காவுல சிவனொளிபாத மலைக்கு சீசன் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாச வெசாக் வரைக்கும். மத்த மாசத்துல மழையும் காத்தும், வழியில விளக்கும் இருக்காது. கைலாஷ் சுத்துறது மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும்னு வெச்சுக்கங்க. ஸ்பெயின்ல இருக்கிற சான்டியாகோவுக்கு எப்ப வேணா நடக்கலாம், ஆனா ஜூலை 25 ஞாயித்துக்கிழமையில விழுந்தா அந்த வருஷம் புனித ஆண்டு. கடைசியா 2021-ல வந்தது, கொரோனாவால 2022-க்கும் நீட்டினாங்க, அடுத்தது 2027, அதுக்கப்புறம் 2032. புனித ஆண்டுல போகணும்னு வேண்டுதல் இல்லைன்னா அந்த வருஷத்தைத் தவிர்த்துடுங்க, படுக்க பெட் கிடைக்காது.

கைலாஷ்க்கு திபெத் கணக்குல குதிரை வருஷம் விசேஷம், அந்த வருஷம் ஒரு சுத்து வந்தா பல சுத்து வந்த பலன்னு சொல்வாங்க. 2026 குதிரை வருஷம். பலன் எத்தனை மடங்குன்னு எனக்கு வாதாட வராது, கூட்டம் பல மடங்குன்னு மட்டும் தெரியும்.

வேற மதத்துக்காரங்க போலாமா? எனக்கு பெருசா கடவுள் நம்பிக்கையே இல்ல, நான் போலாமா?

முக்கால்வாசி இடத்துல யாரும் கேக்கவே மாட்டாங்க. அமிர்தசரஸ் பொற்கோயில்ல நாலு திசையிலயும் வாசல் இருக்கிறதே எல்லாரும் வரலாம்னு சொல்லத்தான். தலையை மூடணும், செருப்பைக் கழட்டிட்டு வாசல்ல ஓடுற தண்ணியில காலை நனைச்சுட்டு உள்ள போகணும், அவ்ளோதான். ஜப்பான்ல ஷிகோகுவிலயும் சான்டியாகோ வழியிலயும் நிறைய பேர் "சும்மா நடக்கலாம்னு வந்தேன்"னுதான் சொல்வாங்க.

மூடின இடங்களும் இருக்கு. மெக்கா ஊருக்குள்ளயே முஸ்லிம் இல்லாதவங்க போக முடியாது, ரோட்லயே போர்டு போட்டு வேற பாதையில திருப்பி விட்டுடுவாங்க. பூரி ஜகந்நாதர் கோயில்லயும் காத்மாண்டு பசுபதிநாதர் மூலக்கோயில்லயும் இந்து இல்லாதவங்களுக்கு அனுமதி இல்ல. ஜெருசலேம்ல அல் அக்ஸா வளாகத்துக்கு முஸ்லிம் இல்லாதவங்க ஒரே ஒரு வாசல் வழியாத்தான், அதுவும் குறிப்பிட்ட நேரத்துல மட்டும். இதெல்லாம் நியாயமா இல்லையான்னு அங்க போய் செக்யூரிட்டிகிட்ட விவாதம் பண்ணாதீங்க, வீட்லயே பண்ணிட்டு போங்க.

ஆஸ்திரேலியாவுல உலுரு பாறை இருக்குல்ல, அதோட சொந்தக்காரங்களான அனாங்கு மக்கள் "ஏறாதீங்க"ன்னு பல வருஷமா கெஞ்சிப் பார்த்தாங்க, வந்தவங்க ஏறிட்டேதான் இருந்தாங்க. கடைசியா 2019 அக்டோபர் 26-ல இருந்து ஏறவே கூடாதுன்னு மூடிட்டாங்க. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் கடைசி சான்ஸ்னு க்யூ நின்னு ஏறினாங்க பாருங்க, அந்த போட்டோவைப் பார்த்தா எனக்கு இப்பவும் கூச்சமா இருக்கும்.

ஹஜ்ஜும் உம்ராவும் ஒண்ணா?

இல்ல. உம்ரா வருஷத்துல எப்ப வேணா பண்ணலாம், இஹ்ராம் (யாத்திரைக்கான துணி) கட்டி, காபாவை ஏழு சுத்து, சஃபா மர்வா நடுவுல ஏழு தடவை நடந்து, முடி எடுத்தா முடிஞ்சது, சில மணி நேரத்துல ஆயிடும். ஹஜ்ஜுக்கு அந்த அஞ்சாறு நாளை விட்டா வேற நாளே கிடையாது. மினாவுல கூடாரம், 9-ம் தேதி அரஃபாத் மைதானத்துல சாயங்காலம் வரைக்கும் இருக்கிறது, ராத்திரி முஸ்தலிஃபாவுல வானத்துக்குக் கீழ படுத்து சின்னச் சின்ன கல்லாப் பொறுக்கி வெச்சுக்கிறது, மறுநாள் ஜமராத்ங்கிற தூண்கள் மேல எறியிறது. அரஃபாத்ல இருக்கலைன்னா ஹஜ்ஜே இல்ல.

ஒவ்வொரு நாட்டுக்கும் கோட்டா இருக்கு, 10 லட்சம் முஸ்லிம்களுக்கு 1000 பேர்னு 1980-கள்ல பேசி முடிவு பண்ணினது. அதனால முஸ்லிம்கள் நிறைய இருக்கிற நாடுகள்ல வருஷக்கணக்குல காத்திருக்கணும். இங்கதான் ஏமாத்துறவங்க உள்ள வர்றாங்க: "டூரிஸ்ட் விசாவுல கூட்டிட்டுப் போயிடறோம், அங்க போய் பார்த்துக்கலாம்." இதை மட்டும் தயவுசெஞ்சு நம்பாதீங்க. 2024 ஹஜ்ல வெயில் மெக்காவுல 51 டிகிரிக்கு மேல போச்சு, 1300 பேருக்கு மேல செத்தாங்க, அதுல அஞ்சுல நாலு பேருக்கு மேல பர்மிட் இல்லாம வந்தவங்கன்னு சவுதி அரசாங்கமே சொல்லிச்சு. ஏன் அவங்களுக்கு மட்டும் அப்படி? பர்மிட் இருந்தா ஏசி கூடாரம், பஸ், தண்ணி எல்லாம் கணக்குல வந்துடும். பர்மிட் இல்லாதவங்க எந்தக் கணக்குலயும் இல்ல, ஒளிஞ்சு ஒளிஞ்சு வெயில்ல கிலோமீட்டர் கணக்குல நடந்தே போகணும். உங்க நாட்டு அரசாங்கம் அங்கீகாரம் கொடுத்த ஏஜென்ட் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அட்வான்ஸ் கூட கொடுக்காதீங்க.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், போய் இறங்குறதுக்கு குறைஞ்சது 10 நாள் முன்னாடியே போட்டிருக்கணும். கடைசி வாரத்துல ஞாபகம் வந்து ஓடுறவங்க ஒவ்வொரு வருஷமும் உண்டு.

சான்டியாகோ நடைன்னு சொல்றாங்களே, 800 கி.மீ பூரா நடக்கணுமா?

வேண்டாம். பிரெஞ்சு எல்லையில சாங் ஜான் பியே த போர்ங்கிற ஊர்லேர்ந்து கிளம்புற பிரபலமான வழி 780 கி.மீ சொச்சம், ஒரு மாசத்துக்கு மேல ஆகும். ஆனா சர்டிஃபிகேட் வேணும்னா கால்நடையா 100 கி.மீ, சைக்கிள்னா 200 கி.மீ இருந்தா போதும். அதனாலதான் நிறைய பேர் சாரியாங்கிற ஊர்ல இறங்கி கடைசி 115 கி.மீ மட்டும் நடக்கிறாங்க. நானும் முதல் தடவை அப்படித்தான் நடந்தேன், முழுசா நடந்து வர்றவங்க நம்மளைப் பார்க்கிற பார்வையில லேசா ஒரு இளக்காரம் இருக்கும், கண்டுக்காதீங்க.

கையில ஒரு யாத்ரீகர் பாஸ்போர்ட் கொடுப்பாங்க, வழியில சர்ச், டீக்கடை, தங்குற இடம் எல்லாத்துலயும் முத்திரை குத்திக்கணும், கடைசி 100 கி.மீ-ல ஒரு நாளைக்கு ரெண்டு முத்திரையாவது இருக்கணும். வழி தெரியலையேன்னு பயமே வேண்டாம், மஞ்சள் அம்புக்குறி எல்லா இடத்துலயும் இருக்கும். அந்த அம்புக்குறிக்குக் காரணம் எலியாஸ் வலினான்னு ஒரு மலைக்கிராமத்துப் பாதிரியார், 1980-கள்ல ஆளே நடக்காத காலத்துல அவரா ஒரு கார்ல பெயின்ட் டப்பாவைத் தூக்கிப் போட்டுக்கிட்டு மரத்துலயும் கல்லுலயும் வரைஞ்சுட்டே போயிருக்கார். 2024-ல மட்டும் அஞ்சு லட்சம் பேர் கிட்ட நடந்து சர்டிஃபிகேட் வாங்கியிருக்காங்க. அவர் 1989-லயே போயிட்டார், இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கல.

கால் கொப்புளம் பத்தி எல்லாரும் பயமுறுத்துறாங்க, அவ்ளோ மோசமா?

ஆமா. மலை, சாமி, மழை எல்லாத்தையும் விட யாத்திரையைப் பாதியில நிறுத்துறது கொப்புளம்தான்.

என் கதையைச் சொல்றேன். சாரியாவுலேர்ந்து முதல் நாள் 22 கி.மீ, போர்டோமரின்ங்கிற ஊர் வரைக்கும். புது ஷூ, புதுசுன்னா கடையிலேர்ந்து நேரா கால்ல. மத்தியானமே குதிகால்ல சுடுற மாதிரி இருந்தது, நிறுத்திப் பார்க்கணும்னு தோணல, அடுத்த ஊர்ல பார்த்துக்கலாம் அடுத்த ஊர்ல பார்த்துக்கலாம்னே போயிட்டேன். கடைசியில ஆத்துப் பாலம் தாண்டி ஊருக்குள்ள நுழையற இடத்துல செங்குத்தா ஒரு படிக்கட்டு, அதை ஏறின லட்சணத்தை யாரும் பார்க்கலைன்னு நினைக்கிறேன். மேல போய் சர்ச் முன்னாடி உக்காந்து சாக்ஸைக் கழட்டினா தோலும் கூடவே வந்தது. அப்படியே வலியில அண்ணாந்து பார்த்தப்பதான் சர்ச் சுவத்துக் கல்லுல நம்பர் நம்பரா எழுதியிருக்கிறது கண்ணுல பட்டது. அணை கட்டினப்ப பழைய ஊர் தண்ணிக்குள்ள போகப்போகுதுன்னு 1960-கள்ல அந்த சர்ச் கட்டடத்தைக் கல் கல்லா பிரிச்சு, நம்பர் போட்டு, மேட்டுல கொண்டு வந்து திரும்ப அடுக்கியிருக்காங்க. நல்லா நடந்திருந்தா ரூமுக்குப் போய் படுத்திருப்பேன், அந்த நம்பரைப் பார்த்திருக்கவே மாட்டேன். ஆனாலும் அதுக்காக கொப்புளம் வேணும்னு சொல்ல மாட்டேன்.

செய்ய வேண்டியது: ஷூவை ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கி பழக்குங்க, அரை சைஸ் பெருசா வாங்குங்க, ஏன்னா நாள் பூரா நடந்தா கால் வீங்கும். காட்டன் சாக்ஸ் வேண்டாம், ஈரத்தை அப்படியே பிடிச்சு வெச்சுக்கும். எங்கயாவது சுடுற மாதிரி இருந்தா அந்த நிமிஷமே உக்காந்து டேப் ஒட்டுங்க. சின்ன கொப்புளத்தை உடைக்காதீங்க, பெருசாகி நடக்கவே முடியலைன்னா சுத்தம் பண்ணின ஊசியால ஓரத்துல குத்தி தண்ணியை எடுத்துட்டு தோலை அப்படியே விட்டு மூடிடுங்க. ஊசி நூலை உள்ளயே விட்டு வைக்கிற பழைய வைத்தியம் ஒண்ணு சொல்வாங்க, சீழ் பிடிக்கும், வேண்டாம். சுகர் இருக்கிறவங்க கால் விஷயத்துல கைவைத்தியமே வேண்டாம், டாக்டர்கிட்ட போயிடுங்க. அப்புறம் மூட்டை உங்க எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது.

ஷிகோகு 88 கோயில்னா என்ன?

ஜப்பான்ல ஒரு தீவு, அதைச் சுத்தி 88 கோயில், மொத்தம் 1200 கி.மீ கிட்ட, நடந்தா 40லேர்ந்து 50 நாள். கோபோ தாய்ஷின்னு கும்பிடப்படுற கூகாய் துறவி (774–835) பேர்ல நடக்கிறது. வெள்ளை உடுப்பு, கோரைத் தொப்பி, கையில ஒரு கோல். அந்த வெள்ளை உடுப்பு பிணத்துக்குப் போடுறது, கோல் கல்லறையில நடுற கட்டை. அந்தக் காலத்துல வழியில செத்தா அங்கேயே புதைச்சு கோலை மேல நட்டுடுவாங்களாம், அதனால எல்லாத்தையும் போட்டுக்கிட்டேதான் கிளம்பியிருக்காங்க.

இந்தக் கோல் வெறும் கோல் இல்ல, அது தாய்ஷியே கூட வர்றதா அர்த்தம். "ரெண்டு பேரா நடக்கிறோம்"னு தொப்பியில எழுதியிருக்கும், ரெண்டாவது ஆள் அவர்தான். தங்குற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் உங்க காலைக் கழுவுறதுக்கு முன்னாடி கோலோட காலைக் கழுவணும், வாசல்லயே அதுக்கு தண்ணி வெச்சிருப்பாங்க, நனைச்சுத் துடைச்சு ரூம்ல நல்ல இடமாப் பார்த்து சாத்தி வைக்கணும். பாலத்து மேல நடக்கும்போது கோலை ஊணக்கூடாது, தூக்கிக்கணும். ஏன்னா ஒரு தடவை தங்க இடம் கிடைக்காம அவர் பாலத்துக்கு அடியில படுத்திருந்தாராம், தூக்கம் கெடக்கூடாதில்ல. லாரி பறக்கிற கான்கிரீட் பாலத்துல கூட ஆளுங்க கோலைத் தூக்கிக்கிட்டு நடக்கிறதைப் பார்த்தப்பதான் எனக்கு இந்த யாத்திரை பிடிபட்டது.

88-யும் ஒரே மூச்சுல போகணும்னு கட்டாயம் இல்ல, பஸ், கார், சைக்கிள் எதுல வேணா போலாம், பிரிச்சுப் பிரிச்சு நாலு வருஷத்துல கூட முடிக்கலாம். லீப் வருஷத்துல தலைகீழா 88-லேர்ந்து 1-க்கு வந்தா புண்ணியம் ஜாஸ்தின்னு ஒரு பழக்கம் இருக்கு. ஒவ்வொரு கோயில்லயும் முத்திரை போடுற ஆபீஸை சாயங்காலம் 5 மணிக்கு சாத்திடுவாங்க, 5.05-க்கு மூச்சிரைக்க வந்து நின்னாலும் நாளைக்குத்தான்.

கைலாஷ் போக ஆசை. ஃபிட்டா இருக்கேன், ஜிம் போறேன், போதுமா?

ஜிம்முக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்ல, இதை மண்டையில ஏத்திக்கங்க. மலையைச் சுத்துற பாதை 52 கி.மீ, மூணு நாள், நடுவுல டோல்மா லா கணவாய் 5600 மீட்டருக்கு மேல. அங்க ஒவ்வொரு மூச்சுலயும் கடல் மட்டத்துல கிடைக்கிற ஆக்சிஜன்ல பாதிதான் கிடைக்கும். நல்லா ஃபிட்டா இருக்கிறவன்தான் வேகமா ஏறி மாட்டிக்கிறான், மெதுவா ஏறுற அறுபது வயசு அம்மா பாட்டுக்கு போயிட்டே இருப்பாங்க.

கணக்கு சிம்பிள். 3000 மீட்டருக்கு மேல போயிட்டா, ராத்திரி படுக்கிற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் சும்மா இருக்கணும். ஏஜென்சி "நாலு நாள்ல முடிச்சுடலாம் சார்"னு சொன்னா அது உங்க லீவை மிச்சம் பண்ற பிளான், உயிரை மிச்சம் பண்ற பிளான் இல்ல. தலைவலி, வாந்தி, தூக்கம் வராதது எல்லாம் ஆரம்பம், அதோட மேல ஏறாதீங்க. நடை தள்ளாடுது, உளர்றாங்க, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குதுன்னா கைடு, குரூப், காசு எதையும் பார்க்காம உடனே கீழ இறங்கணும், ராத்திரி ஆனாலும். அசிடசோலமைடு மாத்திரை உதவும், ஆனா சல்ஃபா அலர்ஜி இருந்தா பிரச்சினை, டாக்டரைக் கேக்காம போடாதீங்க.

இந்திய அரசாங்கம் நடத்துற மானசரோவர் யாத்திரை 2020-ல நின்னு 2025-லதான் திரும்ப ஆரம்பிச்சது, அதுக்கு வயசு 18லேர்ந்து 70, பிஎம்ஐ 25-க்குள்ள இருக்கணும், வழியில மெடிக்கல்ல ஃபெயில் ஆனா திருப்பி அனுப்பிடுவாங்க. எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் திபெத்துக்குத் தனியா பர்மிட் வேணும், பையைத் தூக்கிட்டு தனியாளா போயிட முடியாது. மலை உச்சி 6638 மீட்டர், இதுவரைக்கும் யாரும் ஏறினதில்ல, ஏறவும் விட மாட்டாங்க. நாலு மதம் கும்பிடுற மலையை ஒருத்தன் மிதிக்காம விட்டு வெச்சிருக்கிறதே எனக்குப் பெரிய விஷயமாப் படுது.

ஜெருசலேம்ல எல்லாத்தையும் ஒரே நாள்ல பார்த்துடலாமா?

நடந்தா பார்த்துடலாம், மேற்குச் சுவர், அல் அக்ஸா வளாகம், இயேசு கல்லறை சர்ச் எல்லாமே பழைய நகரத்துக்குள்ள கூப்பிடு தூரம். ஆனா வெள்ளி முஸ்லிம்களுக்கு, சனி யூதர்களுக்கு, ஞாயிறு கிறிஸ்தவங்களுக்குன்னு வாரத்துல பாதி ஏதோ ஒண்ணு மூடியிருக்கும் இல்ல நெரிசலா இருக்கும், அதனால திங்கள் முதல் வியாழனுக்குள்ள ரெண்டு நாளாவது வெச்சுக்கங்க.

கல்லறை சர்ச்சுக்குப் போனா வாசலுக்கு மேல வலது ஜன்னல் கிட்ட ஒரு சின்ன மர ஏணி சாத்தியிருக்கும், பாருங்க. 18-ம் நூற்றாண்டு படத்துலயே அந்த ஏணி இருக்கு. அந்த சர்ச் கட்டடத்தை ஆறு கிறிஸ்தவப் பிரிவுகள் பங்கு போட்டுக்கிட்டு இருக்காங்க, எல்லாரும் ஒத்துக்காம எதையும் நகர்த்தக் கூடாதுன்னு ஏற்பாடு, அதனால ஒரு ஏணியை எடுக்கக்கூட ஆள் இல்ல. வாசல் சாவி தலைமுறை தலைமுறையா ஒரு முஸ்லிம் குடும்பத்துகிட்ட, கதவைத் திறக்கிறது இன்னொரு முஸ்லிம் குடும்பம். பங்காளிச் சண்டையில வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்ல கொடுத்து வைக்கிற மாதிரிதான்.

போறதுக்கு முன்னாடி அன்னிக்கு நிலவரம் என்னன்னு உங்க நாட்டு வெளியுறவுத் துறை அறிவிப்பைப் பாருங்க, இந்த ஊருக்கு அது ரொம்ப முக்கியம். எத்தியோப்பியாவுல லாலிபெலா பாறைச் சர்ச்சுகளுக்கும் அப்படித்தான், 11 சர்ச்சும் பாறையைக் குடைஞ்சு இறக்கினது, ஜனவரி 7 கிறிஸ்துமஸ் அன்னிக்கு வெள்ளை வெளேர்னு ஜனம், ஆனா அந்தப் பகுதியில சண்டை வந்து வந்து போகுது.

கூட்ட நெரிசலை நினைச்சாலே பயமா இருக்கு. எப்படி சமாளிக்கிறது?

பயப்படுறது நல்லதுதான். 1990-ல மினா சுரங்கப்பாதையில 1426 பேர், 2021-ல இஸ்ரேல்ல மெரோன் மலையில 45 பேர், 2025 ஜனவரி 29 பிரயாக்ராஜ் கும்பமேளாவுல அரசாங்கக் கணக்குப்படி 30 பேர். இதுல பெரும்பாலும் மிதிபட்டு சாகுறதில்ல, நாலா பக்கமும் நெருக்கி நெஞ்சு விரிய இடமில்லாம மூச்சு முட்டித்தான் சாகுறாங்க.

அதனால: கைகளை மார்புக்கு முன்னாடி பாக்ஸர் மாதிரி வெச்சுக்கங்க, மூச்சு விட கொஞ்சம் இடம் கிடைக்கும். கூட்டம் தள்ளுற திசைக்கு எதிரா போராடாதீங்க, அதோட போயிட்டே ஒவ்வொரு இடைவெளியிலயும் சாய்வா ஓரத்துக்கு நகருங்க. சுவர், கம்பி வேலி பக்கம் ஒதுங்காதீங்க. செருப்பு, போன் எது விழுந்தாலும் குனியாதீங்க. பக்கத்து ஆளோட உடம்பு உங்க மேல நாலு பக்கமும் படுற அளவுக்கு வந்துடுச்சுன்னா அப்பவே வெளிய வந்துடணும், அதுக்கப்புறம் முடிவு உங்க கையில இல்ல. முக்கியமான நாளுக்கு ஒரு நாள் முன்னாடியோ ரெண்டு நாள் கழிச்சோ போனா சாமி கோவிச்சுக்காது, நான் எப்பவும் அப்படித்தான் போறேன்.

பொம்பளைங்க தனியா போலாமா?

சான்டியாகோ வழியிலயும் ஷிகோகுவிலயும் தனியா நடக்கிற பெண்கள் ஏராளம். ஹஜ்ஜுக்கு ஆண் துணை கட்டாயம்ங்கிற விதியை சவுதி சமீபத்துல தளர்த்திடுச்சு, குழுவோட சேர்ந்து போலாம், ஆனா உங்க நாட்டு விதி தனியா இருக்கலாம், கேட்டுக்கங்க. போகவே முடியாத இடம்னா கிரீஸ்ல துறவி மடங்கள் இருக்கிற ஆதோஸ் மலை, ஆயிரம் வருஷத்துக்கு மேலா பெண்களுக்கு அனுமதி இல்ல. ஆம்பளைங்களுக்கும் தாராளம் கிடையாது, ஒரு நாளைக்கு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் 100 பேர், மத்தவங்க 10 பேர்.

வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும், நடக்க முடியாது.

யோசிக்காம பிரான்ஸ்ல இருக்கிற லூர்து. அந்த ஊரே நோயாளிகளுக்காகத்தான் இருக்கு. 1858-ல பெர்னதெத்ங்கிற 14 வயசுப் பொண்ணுக்கு மாதா 18 தடவை காட்சி கொடுத்த குகை, அதை ஒட்டி ஆறு, எல்லாம் சமதரை. நடக்க முடியாதவங்களை வாலன்டியர்கள் நீல வண்டியில உக்கார வெச்சு இழுத்துட்டுப் போவாங்க. மத்த இடத்துலயெல்லாம் வீல்சேர்ல இருக்கிறவங்களுக்கு "கொஞ்சம் வழி விடுங்க"ன்னு நாம கெஞ்சணும், இங்க முதல்ல போறதே அவங்கதான், நாம பின்னாடி. சாயங்கால மெழுகுவத்தி ஊர்வலத்தைக் கண்டிப்பா பாருங்க.

அங்க போனா உடம்பு சரியாகுமா?

லூர்துல கோடிக்கணக்கான பேர் வந்து போயிருக்காங்க, அதுல திருச்சபை அற்புதம்னு அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டது இத்தனை வருஷத்துல 70 சொச்சம்தான். அங்கேயே டாக்டர்கள் குழு வெச்சு வருஷக்கணக்குல சோதிச்சுத்தான் ஏத்துப்பாங்க. மருந்தை நிறுத்திட்டுப் போற வேலை மட்டும் வேண்டாம்.

சாப்பாடு, தங்குறது எல்லாம் இலவசமாமே?

சில இடத்துல நெஜமாவே. பொற்கோயில் லங்கர்ல (பொதுச் சாப்பாட்டுக் கூடம்) எந்த நேரமும் யாருக்கும் சாப்பாடு, தரையில வரிசையா உக்காரணும், ராஜாவா இருந்தாலும். ரொட்டியை ரெண்டு கையும் ஏந்தி வாங்கணும், ஒரு கையை நீட்டினா சிரிச்சுட்டே இன்னொரு கையையும் நீட்டச் சொல்வாங்க.

நஜஃப்லேர்ந்து கர்பலாவுக்கு நடக்கிற அர்பயீன்தான் உச்சம். 80 கி.மீ, வழி பூரா கம்பங்களுக்கு நம்பர், 1452 வரைக்கும், "எத்தனாவது கம்பத்துல இருக்கே"ன்னுதான் ஜனங்க சந்திச்சுக்குவாங்க. கோடிக்கணக்குல நடக்கிறாங்க, அத்தனை பேருக்கும் ரோட்டோரப் பந்தல்கள்ல சோறு, டீ, படுக்கை, கால் அமுக்கி விடுறது வரைக்கும் ஃப்ரீ. செய்யறவங்க பெரும்பாலும் சாதாரண ஜனங்க, வருஷம் பூரா அதுக்குன்னு காசு சேர்ப்பாங்க. வேண்டாம்னு சொன்னா அவங்க முகம் வாடிப் போயிடும்.

ஷிகோகுவிலயும் ஊர்க்காரங்க ஆரஞ்சு, காசு, டீ எதாவது கையில திணிப்பாங்க, மறுக்கக்கூடாது, ஏன்னா அவங்க கொடுக்கிறது உங்களுக்கு இல்ல, கூட வர்றாரே தாய்ஷி, அவருக்கு. பதிலுக்கு உங்க பேர் எழுதின சீட்டு ஒண்ணு கொடுக்கணும். ஆனா ஒண்ணு, எங்க இலவசமா சாப்பிட்டாலும் உண்டியல்ல எதையாவது போடுங்க, இல்ல ரெண்டு தட்டாவது கழுவுங்க.

போட்டோ எடுக்கலாமா?

புத்தகயா மகாபோதி கோயிலுக்குள்ள மொபைலே கொண்டு போகக்கூடாது, வாசல்ல வெச்சுட்டுப் போகணும், எனக்குத் தெரிஞ்சு அங்க மனசு அமைதியானதா சொல்றவங்க எல்லாருக்கும் பாதிக் காரணம் அதுதான். மத்த இடத்துல போர்டைப் பாருங்க. அழுதுட்டு கும்பிடுறவங்க முகத்துக்கு நேரா போனை நீட்டாதீங்க, அதுக்கு போர்டு தேவையில்ல.

முடிச்சுட்டு வரும்போது என்ன கொண்டு வரலாம்?

மெக்கா ஜம்ஜம் கிணத்துத் தண்ணிக்கு ஏர்லைன்ஸ் தனி விதி வெச்சிருக்கும், முதல்லயே கேட்டுக்கங்க. லூர்துல தண்ணி இலவசம், பாட்டில்தான் காசு. இஹ்ராம் துணியைப் பத்திரமா வெச்சு கடைசியில தன் கஃபனா (பிணத்துக்குப் போர்த்துற துணி) போர்த்தச் சொல்றவங்க உண்டு. சான்டியாகோ முடிச்சவங்க சிலர் கடலோரம் ஃபினிஸ்டேர் வரைக்கும் போய் போட்டிருந்த துணியை எரிப்பாங்க, இப்ப அது தடை, எரிக்காதீங்க.

சிவனொளிபாத மலையில கொண்டு வர ஒண்ணுமில்ல. உச்சியில ஒரு மணி இருக்கு, எத்தனாவது தடவை ஏறியிருக்கீங்களோ அத்தனை தடவை அடிக்கணும். நான் ஒரு அடி அடிச்சுட்டு நகர்ந்தேன், பின்னாடி நின்ன பெரியவர் அடிக்க ஆரம்பிச்சார், எண்ணிட்டே இருந்தேன், இருபதுக்கு மேல விட்டுட்டேன்.

ஷிகோகு கோலை என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேப்பாங்க. 88-வது கோயில்ல விட்டுட்டு வரலாம், அங்க அதுக்குன்னே இடம் இருக்கு, ஆயிரக்கணக்குல நிக்கும். வீட்டுக்கும் கொண்டு வரலாம். நான் விட்டுட்டு வரலாம்னுதான் போனேன், வரிசையில சாத்தி வெச்சும் ஆச்சு, அப்புறம் பஸ் வர்றதுக்கு பத்து நிமிஷம் இருக்கும்போது திரும்பிப் போய் எடுத்துட்டு வந்துட்டேன். அடிப்பக்கம் தேய்ஞ்சு நாலு விரல்கடை குறைஞ்சிருக்கு.